முன்னாலேயே கொடுத்த முடி

கார்கிலில் சண்டை நடந்த வருஷம் நான் புத்தூரில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்தேன். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது தெலுங்கு, பரீட்சைக்கு மட்டும் இந்தி. அதில் பாஸ் ஆனதற்கே வீட்டில் என்னைப் பண்டிதர் மாதிரி வைத்திருந்தார்கள்.

அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். அவனிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேலாகியிருந்தது. அவன் உயிரோடு திரும்பினால் திருமலையில் முடி கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டு, சனிக்கிழமை தவறாமல் நாராயணவனம் பெருமாள் கோயிலுக்குப் போய் விளக்கேற்றினாள்.

ஒரு நாள் சாயங்காலம், அண்ணன் வாங்கிக்கொடுத்த டிவியில் பிரதமர் சண்டையைப் பற்றிப் பேசினார். முழுக்க இந்தி. நைனா, அதாவது அப்பா, பங்காருபாளையத்திலிருந்து வடக்கே மாங்காய் லாரி ஓட்டினவர். அம்மா அவரைத்தான் பார்த்தாள்.

"இன்னாயா சொல்றாரு? டெல்லி வரிக்கும் ஓட்டிக்கினு போன ஆளாச்சே நீ."

"எனக்குத் தெரிஞ்சது டாபா இந்தி. ரொட்டி கேப்பேன், டீசல் கேப்பேன். பாப்பாவக் கேளு" என்று நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் புரிந்தது 'தேசம்', 'ஜவான்' இரண்டும்தான். தெரியாது என்று சொல்ல கௌரவம் விடவில்லை. அம்மாவின் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"சண்டை முடிஞ்சிட்டுதாம்மா. எல்லாரும் ஊருக்கு வந்துக்கினு இருக்காங்களாம்."

"நெஜமா?" என்று அம்மா கேட்டது நைனாவை.

"பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அண்ணன் வரும்வரை பொறு என்று யார் சொல்லியும் அம்மா கேட்கவில்லை. "அவன் வர்றப்ப வரட்டும். சாமியக் காக்க வெக்கக் கூடாது" என்று மறுநாளே மலைக்குக் கிளம்பிவிட்டாள். முடி இறக்கும் மண்டபத்தில் அவள் குனிந்து உட்கார்ந்திருக்க, வெளியே நைனா ஒரு வடநாட்டுக்காரரோடு கடகடவென்று இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். டாபா இந்தியே இவ்வளவு நன்றாக வருகிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் பட்டாள வண்டி அண்ணனைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியது. ஊர்ப் பெண்களெல்லாம் தலையை விரித்துப்போட்டு அழுதார்கள். அம்மாவுக்கு விரித்துப்போட முடி இல்லை. சந்தன வாசனை போகாத மொட்டைத் தலையைத் தடவித் தடவி, "குடுத்துட்டனே, குடுத்துட்டனே" என்றாள்.

அவளிடம் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான் என்று சனிக்கிழமைதோறும் நாராயணவனத்தில் பெருமாள் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். என் பக்கத்தில் நின்று நைனாவும் போட்டுக்கொள்வார். என்னைவிட பலமாக. அவர் எதற்குப் போட்டுக்கொள்கிறார் என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.