இரண்டு கொப்பி கொள்ளும் பை

மதிப்புக்குரிய ஐயா அவர்களே, அல்லது அம்மா அவர்களே,

இத்தாள்கள் எவர் கைக்கு வந்து சேருமென்று நான் அறியேன். ஆயினும் மரியாதையோடு தொடங்குவதே முறை. நான் நோர்வூட்டுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், வேலை செய்து ஓய்ந்தவன். என் மனைவி அதே தோட்டத்து மலைகளில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். நாங்கள் இருவரும் ஹட்டனுக்குப் போய் ஒரு சிறிய தோள்பை வாங்கியதையும், அதைத் தேர்ந்தெடுத்ததில் நான் செய்த பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

பை வேண்டுமென்று கேட்டவள் அவள்தான். வேலையிலிருந்து நின்றபின் அவளுக்குச் சீனி வருத்தம், இருதய வருத்தம் என்று இரண்டு நோய்கள் வந்தன. எனக்குப் பிரஷர். மாதந்தோறும் இருவரும் கிளினிக்குக்குப் போவோம். அடையாள அட்டை, மாத்திரை, மூக்குக்கண்ணாடி, மருந்துகளை எழுதும் கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் அவள் ஒரு பொலித்தீன் பைக்குள் சுருட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். மழை நாட்களில் கொப்பி நனைந்து, மருத்துவர் எழுதிய மை கரைந்துவிடும். என்னுடைய கொப்பியும் அவளிடந்தான் இருந்தது. தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் ஆண்கள் பை தூக்குவதில்லை. கிளினிக்கானாலும் கோயிலானாலும் ஆண் கையை வீசிக்கொண்டு முன்னே நடப்பான். பெண் சாமான்களோடு பின்னே வருவாள். அது ஏன் அப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள கடையில் வேலை செய்த பெண்பிள்ளை பத்துப் பன்னிரண்டு பைகளை மேசையில் எடுத்துப் போட்டாள். என் மனைவி அழகைப் பார்க்கவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த இரண்டு கொப்பிகளையும் ஒவ்வொரு பைக்குள்ளும் வைத்துப் பார்த்தாள். மடித்தால்தான் நுழையும் என்ற பைகளை ஒதுக்கினாள். சிப்பை நாலைந்து தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு வாரின் நீளம் பார்ப்பதற்காக, தன்னை அறியாமலே அதைத் தூக்கி உச்சந்தலையில் மாட்டிக்கொண்டாள். கொழுந்துக் கூடையின் கயிறு அத்தனை வருடம் கிடந்த இடம் அது. பை முதுகில் தொங்கியது.

கடைப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு, தோளில் போடும்படி சொன்னாள். என் மனைவியும் சிரித்துவிட்டாள்.

"தோளுக்கு என்ன தெரியும் மகளே? மண்டைக்குத்தான் பழக்கம்."

கடைசியில் இரண்டு பைகள் மிஞ்சின. ஒன்று வெறும் கறுப்பு. மற்றது கத்தரிப்பூ நிறத்தில், மூடியெங்கும் மஞ்சள் பூக்கள் தைத்தது. இரண்டிலும் கொப்பிகள் மடியாமல் நின்றன. அவள் கறுப்பைக் கையில் எடுத்தாள்.

"இதையே எடுத்துக்குவோங்க. எனக்கு முடியாத நாள்ல நீங்களும் மாட்டிக்கிட்டுப் போகலாம்ல."

"நான் எதுக்குப் பை மாட்டப் போறேன்? பொம்பளப் பை பொம்பளப் பை மாதிரி இருக்கட்டும்" என்றேன்.

"ஸ்டோர்ல தேயிலத் தூசி மட்டும் மேலெல்லாம் ஒட்டிக்கும். பை ஒட்டாதோ தொரைக்கு?"

கடைப்பிள்ளை மறுபடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தைத்தது. பூப்போட்ட பையை எடுத்து மனைவியின் பக்கம் தள்ளி, இதுதான் என்று முடித்துவிட்டேன். அவள் கறுப்புப் பையை ஒருமுறை பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். ஒரு அழகான பொருளை வாங்கிக் கொடுத்தோம் என்ற நினைப்பில் நான் பஸ்ஸுக்கு முன்னே நடந்தேன்.

அவள் அதை அன்றாடம் உபயோகித்தாள். மரக்கறித் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் கடைக்கும் அது கூடவே போனது. கையில் வேறு சுமை இருந்தால், மேடு ஏறும்போது வாரைத் தலையிலேயே மாட்டிக்கொள்வாள். அதனால் வாரின் நடுப்பகுதி தேங்காயெண்ணெய் ஏறிக் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் காம்பராக் கதவின் பின்னால் உள்ள ஆணியில் தொங்கவிடுவாள்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு காலைப்பொழுதில், தண்ணீர் பிடிக்கப் போனவள் பீலியடியில் விழுந்துவிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். அடையாள அட்டையை எடுக்க நான் வீட்டுக்குள் ஓடினேன். பையை ஆணியிலிருந்து எடுத்துத் தோளிலும் போட்டேன். அப்படியே கதவுவரை வந்தேன்.

காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டு அப்போதுதான் கலைந்திருந்தது. மலைக்குப் போகவிருந்த சனங்கள் எல்லாரும் ஓட்டோவைச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் பார்க்க மஞ்சள் பூப் பையை மாட்டிக்கொண்டு நான் வெளியே இறங்க வேண்டும். நான் திரும்பினேன். சிப்பைத் திறந்து அவளுடைய அட்டையை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையை மறுபடியும் ஆணியில் மாட்டினேன். இதற்கு மேல் விளக்கம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஓட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. அவள் வலது கை இடுப்போரம் எதையோ தடவித் தேடியது.

"பைய எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு" என்றேன்.

கை தேடுவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் முதலில் சிங்களத்திலும், பிறகு தமக்குத் தெரிந்த தமிழிலும் பொறுமையாகக் கேட்டார். என்னென்ன மாத்திரை, எத்தனை வேளை, கடைசியாக எதை மாற்றினார்கள். சின்ன வெள்ளை ஒன்று, இளஞ்சிவப்பில் பாதி என்று சொன்னேன். கொப்பி எங்கே என்றார். வீட்டில் என்றேன். காய்ந்த கொழுந்தைக் கையில் அள்ளினால் அதன் பக்குவம் சொல்லத் தெரிந்த எனக்கு, என் மனைவி நாள்தோறும் விழுங்கிய மாத்திரை ஒன்றின் பெயர் தெரியவில்லை.

மகன் வீட்டிலிருந்த மருமகளுக்குப் போன் செய்து, பையை எடுத்துவரச் சொன்னேன். அவள் பஸ் பிடித்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர மதியமாகிவிட்டது.

"ஆணியிலதானே மாமா தொங்குச்சு" என்றாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை.

மருத்துவர் கொப்பியை வேகமாகப் புரட்டிப் படித்துவிட்டு உள்ளே போனார். பிற்பகல் மூன்று மணிக்கு என் மனைவி காலமானாள். கொப்பி காலையிலேயே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். உள்ளதைச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இன்றுவரை வரவில்லை.

முப்பதாம் நாள் கழிந்ததும் அந்தப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு லயத்தின் முன்னால் நடந்தேன். பெரட்டுக் களத்தில் நின்ற ஒருவன், "என்ன மாமா, பூவெல்லாம் பலமா இருக்கு?" என்றான்.

"அவ பைடா" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டான். வேறு எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதற்குப் பயந்து கதவடியிலிருந்து திரும்பினேனோ, அது அவ்வளவுதான் இருந்தது. பீலியைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது கடைக்கும் கிளினிக்குக்கும் அதோடுதான் போகிறேன். எண்ணெய் ஏறிய இடம் என் தோளில் அமர்கிறது. உள்ளே இரண்டு கொப்பிகளும் மடியாமல் இருக்கின்றன. அவளுடையதை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. சென்ற மாதம் கிளினிக்கில் கொப்பியைக் கேட்டபோது அவளுடையதைக் கொடுத்துவிட்டேன். தாதி பெயரைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இருக்கையில் வந்து அமர்ந்து, அதில் எழுதியிருந்த மாத்திரைகளின் பெயர்களை முதல் தடவையாக எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஐந்து இருந்தன.

இத்தாள்களை அந்த இரண்டு கொப்பிகளுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். தங்கள் கைக்கு வந்தால், எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்.