கடுகுக்குத் தூக்கம் வந்த கதை

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குக் கடுகு என்று பெயர். ஆள் சின்ன உருவம் என்பதால் அல்ல. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். சூடான எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி, எதைச் சொன்னாலும் படபடவென்று பொரிவார். அதனால் வந்த பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்குத் தெரியாது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவருக்கு நன்றாகவே தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் பொரிந்தார்.

வேலையில் புலி. மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் காலை வைத்ததும், சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் கட்டடத்துக் காவலாளியிலிருந்து நாலாவது மாடி டாக்டர் வரை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் இல்லை. "கதவை உதைச்சா லிஃப்ட் சீக்கிரம் வருமா? உங்க வீட்டுக் கதவை இப்படித்தான் உதைப்பீங்களா?" என்பது அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் மென்மையானது.

உண்மையில் அவருக்குத் தூக்கமில்லை. ஆறு வருடம் அவசர அழைப்பு போன் அவரிடம் இருந்தது. யாராவது எங்காவது மாட்டிக்கொண்டால், நேரம் காலம் இல்லாமல் அது அடிக்கும். பிறகு அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. போன் போய்விட்டது, காது மட்டும் அதற்காகக் காத்துக்கொண்டே இருந்தது. படுத்தால் ஒரு மணி நேரம் கண் அசரும். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்தக் களைப்பைச் சமாளிக்கப் பகலில் எட்டு டீ.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"முக்குல இருக்கிற மருந்துக்கடைக்குப் போய்ட்டு வாங்க. தூக்கத்துக்கு ஏதாவது கேளுங்க."

"தூக்க மாத்திரை எல்லாம் நான் போட மாட்டேன்."

"மாத்திரையே கேக்கணும்னு நான் சொல்லலையே. போய்க் கேளுங்க. இல்லன்னா நாளையிலருந்து நான் ஹால்ல படுத்துக்கிறேன். உங்க பெருமூச்சுல எனக்கும் தூக்கம் போச்சு."

மருந்துக்கடைக்காரம்மா நிதானமான பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டார். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாரா, தைராய்டு உண்டா, சர்க்கரை, பிரஷர், ஈரல் தொந்தரவு? எல்லாவற்றுக்கும் இவர் இல்லை இல்லை என்று தலையாட்டினார்.

"மருந்து வாங்க வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?"

அந்த அம்மா கண்டுகொள்ளவே இல்லை. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். அமுக்கராக் கிழங்குப் பொடி.

"இது வேரைக் காயவெச்சு அரைச்சது. மனசு படபடப்பு குறையும், தூக்கம் கொஞ்சம் நல்லா வரும்னு ரொம்ப காலமா சாப்பிடுறாங்க. இப்ப ஆராய்ச்சி பண்ணவங்களும் சில பேருக்குப் பலன் இருக்குன்னு சொல்றாங்க. எல்லாருக்கும் கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன். மூணு வாரமாவது ஆகும். நாளைக்கே வந்து சண்டை போடாதீங்க. அப்புறம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல டீயை நிறுத்துங்க. அதை நிறுத்தலைன்னா இந்த டப்பா வீண்."

வெதுவெதுப்பான பாலில் கலந்து முதல் வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். கசப்போடு, குதிரை லாயத்துக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாடை.

"இதைக் குடிச்சா நான் கனைக்க ஆரம்பிச்சிடுவேன்."

"இப்ப மட்டும் என்னவாம்," என்றாள் மனைவி.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரமும் டீ இல்லாத எரிச்சல்தான் மிச்சம். நான்காவது வாரத்தில் ஒருநாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது போல எழுந்து உட்கார்ந்தார். மனைவி குளித்துத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பக் கூடாதா?"

"எழுப்ப மனசு வரலை," என்றாள் அவள்.

மாற்றம் வேலையிலும் தெரிந்தது. துணிக்கடைக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே ஒரு தையல்கார அம்மா. மூச்சு முட்டுகிறது என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பழைய ஆளாக இருந்தால் "தட்டாதீங்க, தட்டினா திறக்காது" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பார். அன்றைக்கு, கூட வந்த எலக்ட்ரீஷியனை மோட்டார் அறைக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவது மாடிக் கதவோரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் இங்கேயேதான் இருக்கேன். இது கீழ விழாது, அஞ்சு கயிறு பிடிச்சிருக்கு. மேல விசிறி ஓடுது, காத்து வந்துட்டே இருக்கும். கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"ரவிக்கைங்க. பதினோரு ரவிக்கை. கொக்கி வைக்கணும்."

"ஊசி நூல் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உக்காந்து வைங்க. எத்தனை முடியுதுன்னு பாப்போம்."

லிஃப்டை மெல்ல இறக்கிக் கதவைத் திறந்தபோது இரண்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடித்திருந்தாள். எலக்ட்ரீஷியன் திரும்பும் வழியில் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அந்தக் கேள்விதான் வினையாயிற்று. பதிலுக்குப் பொடியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அன்றிலிருந்து கடுகு கிழங்குப் பொடியின் ஊதுகுழலாகிவிட்டார். முழங்கால் வலியா, அமுக்கரா. முடி கொட்டுகிறதா, அமுக்கரா. மேலதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லையா, அதற்கும் அரை ஸ்பூன். கம்பெனியில் கடுகு என்ற பெயர் போய்க் கிழங்கு என்ற பெயர் வந்தது.

அவருடைய கொழுந்தியாள் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். எப்போதும் அசதியாக இருக்கிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அவ்வளவுதான். மறுநாளே ஒரு டப்பாவோடு போய் நின்றார். மூன்றாவது வாரம் அவளே போன் செய்தாள்.

"அத்தான், நெஞ்சு படபடன்னு அடிக்குது. கை நடுங்குது. முத்திரை குத்தினா பக்கத்துத் தபால்ல விழுது."

பாதி கழற்றிய மோட்டாரை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார். டப்பாவையும் கையோடு எடுத்துப்போனார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"நீங்க தைராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"அது நாலு வருஷமா சாப்பிடுறேன், டாக்டர்."

"இந்த வேர் சில பேருக்குத் தைராய்டு சுரப்பைக் கூட்டிவிடும். மாத்திரையும் சேர்ந்தா படபடப்பு வரலாம். ரத்தம் எடுத்துப் பார்ப்போம். பொடியை இன்னையோட நிறுத்துங்க."

கடுகுக்கு முகம் சுண்டிப்போனது. மருந்துக்கடை அம்மா அடுக்கடுக்காகக் கேட்டதெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. பரிசோதனை முடிவும் டாக்டர் சொன்னதையே சொன்னது. பொடியை நிறுத்திப் பத்துப் பன்னிரண்டு நாளில் அவளுக்கு நடுக்கம் அடங்கியது. அதுவரை தினமும் வேலை முடிந்து அவள் வீட்டுப் படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைசி நாள் அவளே சிரித்துவிட்டாள்.

"போதும் அத்தான். நீங்க வந்து நிக்கிற முகத்தைப் பாத்தாத்தான் எனக்குப் படபடங்குது."

"தப்பு என்னோடதும்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. உள்ளே போய் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பொடி வாங்கிக் கொடுக்கவில்லை. யாராவது கேட்டால் தனக்கு நடந்ததைச் சொல்வார், கொழுந்தியாளுக்கு நடந்ததையும் சொல்வார், டாக்டரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார். மூன்று மாதம் ஆனதும், கொஞ்ச நாள் இடைவெளி விடலாம் என்று மருந்துக்கடை அம்மா சொல்ல, தானும் நிறுத்தினார். தூக்கம் போய்விடுமோ என்று முதல் வாரம் பயந்து பயந்து படுத்தார். போகவில்லை. பொடியா, டீயை விட்டதா, போன் இனி வராது என்று காது ஒருவழியாக நம்பிவிட்டதா, எது வேலை செய்தது என்று அவருக்கே தெரியாது. மனைவியிடம் கேட்டார்.

"எதுவா இருந்தா என்ன. வாங்க, நடந்துட்டு வருவோம்."

இருவரும் இப்போது காலையில் ஆற்றுப்பாலம் வரை நடக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கதைகளை அவள் சொல்லிக்கொண்டே வருவாள். பாலத்தில் கொஞ்சம் நின்று, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். போன வாரம் அவள் செருப்பு வார் அறுந்துபோனது. தன் செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, அவர் வெறுங்காலோடு வீடு வரை நடந்து வந்தார்.