ஏழாவது ஸ்பிரிங்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. எல்லோருக்கும் அவர் 'கிலோ'தான். பந்தயக் கார்களின் இன்ஜினைப் பிரித்துக் கோப்பது தொழில். எதையும் எடை போடாமல் வாயைத் திறக்கமாட்டார். மனைவி கதவைச் சாத்தும் சத்தத்தைக் கேட்டே, "இன்னைக்கு நாப்பது கிலோ கோவம்" என்பார். அப்படிச் சொன்னதற்காக இன்னும் பத்துக் கிலோ வாங்கிக் கட்டிக்கொள்வார். என் பேச்சில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு. இந்தக் கதையில் நான் ஒரு கிராம்கூடச் சேர்க்கவில்லை.

கிலோ கட்டுவார், அவர் தம்பி ஓட்டுவார். அப்படித்தான் இருவரும் பேர் வாங்கினார்கள். ஒரு மலைப்பாதைப் பந்தயத்தில், நான்காவது வளைவில், ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று இறுகியது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் தம்பியோடு விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. அப்போது தம்பி மகளுக்கு ஐந்து வயது. அவளைத் தோளில் தூக்கி வளர்த்தது பெரியப்பாதான். உடைந்த இன்ஜின் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்குள் இருபது வருடம் கிடந்தது. ஒரு நாள் அவளே வந்து தார்ப்பாயை உருவினாள்.

"இதைக் கட்டிக் குடுங்க பெரியப்பா. வேற கார்ல வெச்சு அதே மலையில ஓட்டப்போறேன்."

"ஏம்மா, உனக்கு வேற இன்ஜினே கிடைக்கலையா?"

"அப்பாவோடது இது ஒண்ணுதானே இருக்கு."

பிடிவாதம் அப்பனுக்கு மேல். கிலோ இரண்டு மாதம் உழைத்தார். சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டாயிற்று. கேம் ஷாஃப்டும் புதிது. மிச்சம் இருந்தது வால்வு ஸ்பிரிங் மட்டும்.

வால்வு என்பது இன்ஜினுக்குக் கதவு. அதைத் தள்ளித் திறப்பது கேம், இழுத்துச் சாத்துவது ஸ்பிரிங். வேகம் கூடும்போது ஸ்பிரிங் சோம்பினால் கதவு நேரத்துக்கு மூடாது, மேலே வரும் பிஸ்டன் அதில் இடிக்கும். ஸ்பிரிங் முரடாக இருந்தாலோ கேமைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றையும் சோதனை மெஷினில் வைத்து, இன்ஜினில் நிற்கப்போகும் உயரத்துக்கு அமுக்கி, எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்கவேண்டும். இந்த இன்ஜினுக்கு எட்டு ஸ்பிரிங். எட்டும் நாற்பது கிலோ காட்டவேண்டும்.

உச்சி வெயில். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. கிலோ நெம்புகோலை அமுக்கினார். முதல் ஆறும் நாற்பது. ஏழாவது முப்பத்தைந்து. எட்டாவது நாற்பது.

சரி, ஒன்று சொத்தை என்று நினைத்தார். அதையே முதலில் வைத்து மறுபடி ஆரம்பித்தார். அது நாற்பது காட்டியது. ஏழாவதாக வந்த வேறொன்று முப்பத்தைந்து. எட்டையும் கலைத்துப் போட்டார். புதுப் பெட்டி பிரித்தார். எந்த ஸ்பிரிங்கை ஏழாவதாக எடுத்தாலும் முப்பத்தைந்துதான். மற்றவை கையை எடுத்ததும் துள்ளின. ஏழாவதாக வந்தது மட்டும், தூங்குகிறவர் மார்பு ஏறுவதுபோல மெல்ல எழுந்தது.

பக்கத்துக் கடை லேத்துக்காரரைக் கூப்பிட்டார்.

"உனக்கு வயசாச்சு கிலோ. மெஷினுக்கும் ஆச்சு" என்று சிரித்துக்கொண்டே வந்தார் அவர். பத்துக் கிலோ படிக்கற்களை வைத்துச் சோதித்தார். முள் மயிரிழை பிசகவில்லை. பிறகு அவரே வரிசையாக அமுக்கினார். ஏழாவதில் சிரிப்பு நின்றது. கையைப் பேண்ட்டில் இரண்டு தரம் துடைத்தார்.

"சூடா இருக்குய்யா இது."

"வெயில்ல இருந்துச்சு."

"மத்ததும் வெயில்லதானே இருந்துச்சு? சரி, எனக்கு வேலை கிடக்கு." அன்று முழுக்க அவர் கடையில் லேத்து ஓடிய சத்தமே கேட்கவில்லை.

கிலோ இழுப்பறையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வாஷரை எடுத்து அந்த ஸ்பிரிங்குக்கு அடியில் வைத்து அமுக்கினார். நாற்பது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிரே சிலிண்டர் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி மகள் நிமிர்ந்தாள்.

"அதான் வந்துருச்சே. அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா இன்ஜின்லயும் ஏழாவது அஞ்சு கிலோ கம்மிம்மா. மறுநாள் பந்தயம். வேற ஸ்பிரிங் வர நாலு நாள் ஆகும்னாங்க. வாஷர் வெச்சேன். எடை சரியா வந்துச்சு. எடையை மட்டுந்தான் பாத்தேன். வாஷர் வெச்சா ஸ்பிரிங் இன்னும் நெருங்கிப் போகும்ல? முழுசா அமுங்கறப்ப சுருளோட சுருள் முட்டுதான்னு பாக்கல. முட்டி உடைஞ்சிருக்கு. வால்வு உள்ள விழுந்துடுச்சு. ஒரு மாசம் கழிச்சுத் தனியாப் பிரிச்சப்பதான் தெரிஞ்சுது."

"எல்லார்கிட்டயும் பிஸ்டன் போச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

அவள் கத்தியிருந்தால் அவருக்குப் பாரம் குறைந்திருக்கும். அவள் கத்தவில்லை. எழுந்து வந்து வாஷரை உருவிப் போட்டுவிட்டு, அந்த ஸ்பிரிங்கைத் தானே அமுக்கினாள். முப்பத்தைந்து. முள்ளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம நாப்பது கேக்குறோம். இது முடியாதுங்குது. அப்ப எட்டையும் முப்பத்தஞ்சுலயே எடுங்க."

"அது நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்துக்குத் தாங்காது. கேமையும் சாதுவா மாத்தணும். ஏழாயிரத்தி ஐநூறுக்கு மேல போக முடியாது. ஜெயிக்கமாட்டே."

"ஜெயிக்கணும்னு நான் எப்பச் சொன்னேன்? அந்த வளைவைத் தாண்டி மேல போகணும். திரும்பி வரணும். அவ்ளோதான்."

மென்மையான ஸ்பிரிங் ஒரு பெட்டி வந்தது. ஒன்று முதல் ஆறு வரை முப்பத்தைந்து. ஏழாவதில் கிலோ கண்ணை மூடிக்கொண்டார். அவள்தான் முள்ளைப் படித்தாள்: "முப்பத்தஞ்சு." கையை விட்டதும் ஸ்பிரிங் துள்ளி நின்றது. முழுசாக அமுக்கினாலும் சுருளுக்குச் சுருள் இடைவெளி இருக்கிறதா என்று எட்டையும் அவளையே அளக்கச் சொன்னார். இருந்தது.

பந்தயத்தன்று கிலோ அடிவாரத்தில் நின்றார். கார் கண்ணுக்கு மறைந்ததும் காதால் பின்தொடர்ந்தார். முதல் வளைவு, இரண்டு, மூன்று. நான்காவதில் இன்ஜின் குரல் தணிந்தது. அவர் ஓர் அடி முன்னே வைத்தார். பிறகு குரல் எழும்பி மேலே போயிற்று.

பதினோராவது இடம். காரோடு இறங்கி வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"வண்டி பிரமாதம் பெரியப்பா. ஆனா நாலாவது வளைவுல மட்டும் ஏன் ஆறாயிரம் சுத்துலயே இன்ஜின் கட்டாகற மாதிரி வெச்சீங்க?"

"நானா? கட்டாகறது ஏழாயிரத்தி ஐநூறுலதானே. எல்லா வளைவுக்கும் ஒண்ணுதான்."

"இல்ல. ஆக்சிலரேட்டர் பெடல் என் காலை மேல தள்ளுச்சு. முரட்டுத்தனமா இல்ல. குழந்தை காலைப் பிடிச்சுத் தூக்குற மாதிரி. வளைவு முடிஞ்சதும் விட்டுருச்சு."

கிலோ காருக்குள் தலையை நுழைத்துப் படுத்தார். பெடலின் கம்பி சுத்தமாக இருந்தது. சிக்கல் இல்லை, துரு இல்லை.

"அடுத்த மாசம் இன்னொரு மலை இருக்கு" என்றாள் வெளியே நின்றபடி. "எட்டாயிரம் கேட்டா உங்க தம்பி குடுப்பாரா?"

அவர் பெடலைக் கையால் ஒருமுறை அமுக்கினார். அது சுகமாக அமுங்கியது. கையை எடுத்த பிறகும், இன்னொரு கால் மிதித்திருப்பதுபோல, கொஞ்ச நேரம் அமுங்கியே இருந்தது.