கடைசியில் வைக்க வேண்டிய கதவு

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும் வரை அடுப்படியில் நிற்க மாட்டேன். பேருந்து வரும் வரை நிறுத்தத்தில் நிற்க மாட்டேன், பாதி தூரம் நடந்துவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் விழுப்புரத்து வீட்டுக்காரர், "பையனுக்கு ஆவணியில கல்யாணம், ஆடிக்கு முன்னாடி காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா" என்றார். அன்றோடு தூக்கம் போனது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். அதற்குள் இன்னொரு வாடகை வீடு தேட வேண்டும். அங்கேயும் ஆணி அடிக்காதே, தண்ணீரைப் பார்த்துச் செலவு பண்ணு என்று கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டும். செத்தாலும் மாட்டேன் என்றேன் கணவரிடம்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அவர் பங்குக்கு வந்த மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை போடும் நிலம், இருந்தது. அதன் ஓரத்தில் செங்கல் சுவர் எழுப்ப வசதியும் இல்லை, நாளும் இல்லை. அதனால் லாரியில் வந்து இறங்குகிற வீட்டை வாங்கினோம். இரும்புச் சட்டம், இரும்பு நிலையோடு கதவு, சுவருக்கான பலகைகள், கூரைத் தகடு, மூட்டை நிறைய போல்ட்டு, படம் போட்ட புத்தகம் ஒன்று. கொத்தனார் சிமெண்டுத் தளம் போட்டுக் கொடுத்தார். மற்றதை நாமே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நல்ல நாள் பார்த்து முதலில் நிலையை நட்டோம். வீடு என்றால் வாசல் நிலைதான் முதலில் நிற்க வேண்டும், எங்கள் பக்கத்தில் யாரும் வேறு விதமாக யோசிக்கக்கூட மாட்டார்கள். பக்கத்துக் கொல்லையிலிருந்து நாத்தனார் வந்தார். கணவருக்கு மூத்தவர், அவர் சொல்தான் அந்த வீட்டில் சட்டம். வழவழ இரும்பில் மஞ்சள் ஒட்டாமல் வழிந்தது. "இன்னாடா இது, தட்டு மாதிரி கீது" என்று திட்டிக்கொண்டே கெட்டியாகக் குழைத்துப் பூசினார். தளத்தின் கிழக்கு ஓரத்தில், நடுவென்று பட்ட இடத்தில், கணவர் நிலையின் காலைப் போல்ட்டுப் போட்டு இறுக்கினார். எல்லோரும் கேசரி தின்றார்கள்.

அதன் பிறகு சுவர். ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் காடிப் பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். பின் மூலையில் தொடங்கி இரண்டு பக்கமும் வாசலை நோக்கி வந்தோம். கணவர் ஒவ்வொரு படத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். "இம்மாம் நேரம் பார்த்தா சுவரு தானா நடந்து வருமா?" என்று கத்துவேன். அவர் பக்கத்தைத் திருப்புவார்.

வாசலுக்கு வந்தபோது நிலையின் ஒரு பக்கம் நாலு விரல் சந்து. மறுபக்கம் கடைசிப் பலகை நுழையவே மாட்டேன் என்றது. காலால் உதைத்தேன், கால்தான் வலித்தது. கம்பெனிக்குப் போன் போட்டோம். "கதவுதாங்க கடைசி. சுவர் நின்ன பிறகு மிச்ச இடத்துல கதவு. நிலையைக் கழட்டிப் படுக்க வெச்சிட்டு மறுபடி பண்ணுங்க" என்றது ஒரு குரல்.

நாத்தனார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "பூஜை போட்ட நிலைய எவனாச்சும் படுக்க வெப்பானா? படுக்க வெச்சா நான் இந்த வூட்டுல கால் வெக்க மாட்டேன்." அக்கா வராத வீட்டுக்கு என் கணவர் வர மாட்டார். ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான். கணவர் பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இருவர் மேலும் ஆத்திரம் பொங்கியது.

"படுக்கக் கூடாது, அவ்ளோதானே அண்ணி? நிக்க வெச்சே நவுத்தினா?"

அவர் நிலையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "நின்னுக்கினே இருந்தா குத்தம் இல்ல. ஜல்தி ஆவட்டும்."

ஒரு பக்கம் நான், மறுபக்கம் நாத்தனார். கணவர் போல்ட்டைக் கழற்றியதும் மொத்தக் கனமும் எங்கள் கையில் இறங்கியது. நாலு விரல் நகர்த்தினோம். புது ஓட்டை போடும் மிஷினுக்குக் கணவர் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்திருந்தார். பாதி ஓட்டையில் கரண்டு போனது.

"பேஜாரு புடிச்ச கரண்டு" என்றார் நாத்தனார். ஆனிக் காற்று கொல்லை முழுக்க மண்ணை வாரிக்கொண்டு வந்து நிலையைத் தள்ளியது. தோள் விண்விண்ணென்று தெறித்தது. கண்ணில் மண். துடைக்கக் கை இல்லை. போட்டுவிட்டு ஓடலாம் போல இருந்தது. ஓடவில்லை. கரண்டு வந்தது, மிஷின் கத்தியது, கடைசிப் பலகை தட்டாமல் முட்டாமல் காடிக்குள் போய் உட்கார்ந்தது. கணவர் கடைசி போல்ட்டையும் முறுக்கி எழுந்தார்.

"கைய எடும்மா. நின்னுக்கிச்சு" என்றார் நாத்தனார்.

எனக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. கல்யாணமானதிலிருந்து எத்தனை வீட்டைப் பூட்டி, சாவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டாம் முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாத்தனார் என்னைச் சுற்றிக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே போனார்.