பெரியவர்களுக்குச் சொல்லக்கூடாத சொல்

ஆங்கிலத்தில் எனக்குப் பிடித்த சொல் ஒன்று இருந்தது: சில்லி. இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இப்போது அதை யார் சொன்னாலும் எனக்குக் காது சுடுகிறது.

புத்திக் குறைவைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்டூபிட் என்றால் சண்டை வரும். ஃபூலிஷ் என்றால் பிரசங்கம் கேட்பதுபோல இருக்கும். சில்லி அப்படியில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அலுமாரி முழுக்கத் தேடுகிற ஆள், அது அகப்பட்டதும் தன்னைத்தானே சில்லி என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளையைச் சொல்லலாம். லண்டனில் இருக்கும் அக்காவின் மகள் போனில் என்னைச் "சில்லி சித்தி" என்பாள். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். எங்கள் வீட்டில் "விசர்க்கதை கதையாதை" என்பதும் கிட்டத்தட்ட இதுதான். செல்லமா கோபமா என்று குரலைக் கேட்டால்தான் தெரியும்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்கு வந்து, பிறகு கற்பிட்டியில் கல்யாணம் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவள் நான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் கட்டி, டொல்பின் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் முஸ்லிம் போட்காரர் சிலர் என்னிடம் வந்து, கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லித் தரச் சொன்னார்கள். கிழமைக்கு ஒரு நாள், அவர்களுடைய பின்னேரத் தொழுகையான அஸர் முடிந்த பிறகு, வலை வைக்கிற கொட்டிலில் வகுப்பு. ஏழு பேர் வருவார்கள். எல்லோரும் பேரப்பிள்ளை கண்டவர்கள், அல்லது காணப்போகிறவர்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை, அண்ணா என்பதற்கு அவர்கள் சொல்வதுபோல, நானா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை எப்போதும் அவருடைய போட்டில்தான் அனுப்புவோம். ஆங்கில எழுத்து அவருக்கு வராது. ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே கொப்பியில் எழுதிக்கொள்வார். "யெஸ்டர்டே ஐ கோ" என்று எழுதியிருந்தால் நான் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, பக்கத்தில் "சில்லி மிஸ்டேக்" என்று அவருக்கு வாசிக்கக்கூடியதாகத் தமிழில் எழுதிவிடுவேன். அதைப் பார்த்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டு, பிடரியைச் சொறிந்தபடி சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் காண்பதற்காகவே சில நாட்களில் இல்லாத பிழையையும் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஒருநாள் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டார். விளக்கம் சொல்வதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். கண்ணாடியையும் சட்டையையும் லண்டன் பெறாமகளையும் இழுத்து வந்து, அன்றைய வகுப்பு முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே கொடுத்துவிட்டேன்.

"அப்ப டூரிஸ்ட்மாருக்கு செல்லலாமா டீச்சர்?" என்று நானா கேட்டார். 'சொல்ல' என்பது அவர் வாயில் 'செல்ல' என்றுதான் வரும்.

"கூடாது நானா. தெரியாத ஆக்களுக்கும் பெரியாக்களுக்கும் சொல்லக்கூடாது. வளர்ந்த மனுசரைச் சின்னப்பிள்ளை ஆக்கின மாதிரிப் போயிடும். ஒராளைப் பற்றி இன்னொராளுக்குச் சொல்லுறது அதைவிடக் கூடாது."

அவர் குனிந்து எழுதிக்கொண்டார். என் விளக்கம் எனக்கே பிடித்துப்போய், வீட்டுக்கு வந்து கணவரையும் இருத்தி வைத்து ஒருதரம் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடப் போயிருக்காது. இங்கிலாந்திலிருந்து வயதான தம்பதி ஒன்று எங்கள் வீட்டில் வந்து தங்கியது. மூன்று நாளாகக் காற்று விடாமல் அடித்தது, ஒரு போட்டும் இறங்கவில்லை. நாலாம் நாள் கடல் அடங்கியது. காலையில் டொல்பின் பார்த்துவிட்டு, மத்தியானம் அவர்கள் விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். ஆறு மணிக்கே தொப்பியும் கமராவுமாக முற்றத்துக் கதிரைகளில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நானா வந்தார். எப்போதும் வரும் கட்டைக் காற்சட்டையோடு அல்ல. வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக. அதைக் கண்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இன்டைக்கு எறக்க ஏலாது டீச்சர். ஊர்ல ஒரு மௌத்து. பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகுதான் அடக்கம். அதுமட்டும் ஒருத்தரும் போட் எறக்க மாட்டாங்க."

இந்தக் கரையில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை யாரும் கடலுக்கு இறங்குவதில்லை. ஏற்கெனவே இறங்கியவர்களும் சேதி கேட்டால் வலையை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இத்தனை வருஷம் இங்கே இருந்துவிட்டு, நான் கேட்டது இது:

"நேற்றே சொல்லியிருக்கலாமே நானா?"

"சுபஹுக்குத்தான், விடியக்காலம்தான் டீச்சர் மௌத்தான."

அதற்கு மேலும் நான் நிறுத்தவில்லை. "ஒரு மணித்தியாலம் எண்டாலும் ஏலாதே? இவை இண்டைக்குப் போகப்போகினம்."

வெள்ளைக்காரி எழுந்து வந்து, ஏதும் பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது. சாவைப் பற்றி அல்ல, ஊரைப் பற்றி. மூன்று நாளாகக் காத்திருந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது, போய் இணையத்தில் என்ன எழுதுவார்களோ, இந்த ஊராரோடு சேர்த்து என்னையும் எண்ணிவிடுவார்களோ என்று பயம் வந்தது. நான் வேறு, இவர்கள் வேறு என்று காட்ட வேண்டும்போலிருந்தது. கேவலம், அதுதான் உண்மை.

ஊரில் யாரோ செத்துவிட்டார்கள், புதைக்கும்வரை போட் போகாது என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. தோளைக் குலுக்கி, சிரித்துக்கொண்டு, இந்த மாதிரி விஷயங்களில் இவர்கள் கொஞ்சம் சில்லி என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கதிரையில் இருந்த அவளுடைய கணவர் சிரித்தார். வந்த எரிச்சல் அவருக்கு அந்தச் சிரிப்போடு போய்விட்டது. மனைவி சிரிக்கவில்லை. அவள் நானாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, இறந்தது யார் என்று கேட்டாள்.

நான் நானாவைக் கேட்கவேயில்லை. ஊரில் யாரோ ஒரு கிழவர் என்று என்பாட்டுக்குச் சொன்னேன்.

நானா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "சொறி சேர். சொறி மேடம். ஆஃப்டர்நூன் போட் கோ," என்றார். என்னிடம், "நான் வாறன் டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனார். படலையைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அவருக்கு விளங்கியிருக்காது என்று அன்றைக்கு முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேகமாகத்தானே சொன்னேன், அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் எங்கே தெரியும் என்று. அந்த ஆங்கிலத்தைப் படிப்பித்தவளே நான்தான்.

தம்பதி மத்தியானம் புறப்பட்டுப் போனது. என் கணவர் அடக்கத்துக்குப் போய்விட்டு மூன்று மணிபோல வந்தார். கால் கழுவிக்கொண்டே, "பாவம், நல்ல மனுசன்," என்றார்.

"ஆரது?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"நானாவின்ர மாமனார் எல்லோ. உனக்குச் சொல்லேல்லையே? வீட்டோட வைச்சுப் பார்த்ததும் நானாதானே. காலமை அவ்வளவு வேலைக்கு நடுவில, டீச்சரின்ர ஆக்கள் காத்துக்கொண்டிருப்பினம், போனில சொன்னா மரியாதை இல்லை எண்டு எழும்பி வந்திருக்கிறார்."

நான் குசினிக்குள் போய், கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினேன். அப்போது வேறொன்றும் நினைவுக்கு வந்தது. நாலு வருஷத்துக்கு முன் என் மாமியார் செத்தபோது, உடலை இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தோம். நாங்கள் சைவக்காரர், ஆனாலும் வேறு சமயம்தானே, எதற்கு இரண்டு நாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் அந்தத் துண்டுக் கரையில் ஒரு போட்டும் இறங்கவில்லை. நல்ல மீன் படும் காலம் அது. நானா பந்தல் போட வந்து நின்றார். அவர்களை அன்றைக்கு நான் சில்லி என்று நினைக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வகுப்புக்கு நானா வரமாட்டார் என்று நினைத்தேன். வராவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். வந்தார். வழமையான இடத்தில் உட்கார்ந்து கொப்பியை நீட்டினார். திருத்துவதற்குப் பக்கம் புரட்டும்போது முந்தின பாடம் ஒன்று கண்ணில் பட்டது. சாய்ந்த எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: "சில்லி. பெரியாக்களுக்கு செல்லக் கூடாது. ஒருத்தரப் பத்தி இன்னொருத்தருக்கும் செல்லக் கூடாது. டீச்சர் சென்னது." கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

என் தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும், இப்போதே கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. மற்ற ஆறு பேர் இருக்கிறார்கள் என்று சாக்குச் சொல்லி விழுங்கிவிட்டேன். அடுத்த கிழமையும் ஒரு சாக்கு அகப்பட்டது. அதற்கடுத்த கிழமையும். அவருடைய பிழைகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் கோடு மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமையில் ஜும்ஆ தொழுகை முடியும்வரை இங்கே போட் இறங்காது. அது தெரியாமல் வந்த இரண்டு இளம் வெளிநாட்டுக்காரர், கடல் இவ்வளவு அமைதியாக இருக்கும்போது ஏன் போகக்கூடாது என்று குரலை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நானா. இரண்டு கையையும் விரித்து, பல் எல்லாம் தெரியச் சிரித்து,

"வீ சில்லி பீப்பிள் சேர். ஃப்ரைடே நோ போட்," என்றார்.

அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருவன் அவருடைய தோளில் தட்டினான். அவருக்கு அவன் மகன் வயதுகூட இருக்காது. பின்னேரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் மீனை மறந்து அவரிடம் போனேன்.

"நானா, அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"ஏன் டீச்சர்? அது சென்னா கோவிக்க மாட்டாங்க. சிரிச்சிட்டுப் போறாங்க. அன்டைக்கி நீங்க செல்லக்குள்ளயும் அந்தத் தொர சிரிச்சாருதானே."

சாதாரணமாகத்தான் சொன்னார். பாடத்தில் படித்த ஒன்றைச் சரியாகப் பயன்படுத்தியவர் சொல்வதுபோல. நான் தடுமாறி, அதற்குப் பதிலாக வேறொன்று சொல்லித் தருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடியாமல் நாங்கள் கடலுக்குப் போவதில்லை, அது எங்கள் வழக்கம், தயவுசெய்து பின்னேரம் வாருங்கள் என்று, நல்ல ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னேன். இரண்டு தரம் திருப்பிச் சொன்னார். ஒரு பிழையும் இல்லை.

"நீளமா இரிக்கி டீச்சர். இது முடியுமட்டும் அவங்க நிக்க மாட்டாங்க."

அப்போதுதான், இரண்டு மாதம் பிந்தி, வெறும் மீன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மன்னிப்பைக் கேட்டேன். "அண்டைக்கு நான் சொன்னது பெரிய பிழை நானா. உங்கட மாமா எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால்..."

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். தெரிந்திருந்தால் என்ன? வேறு யாருடைய மாமாவாக இருந்தால் சொல்லியிருக்கலாமா? மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் என் புத்தி இப்படித்தான் போகிறது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா," என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கென்ன டீச்சர். சில்லி மிஸ்டேக்தானே," என்று நானா சிரித்தார்.

குத்திக் கதைக்கிற மனுஷன் இல்லை அவர். என்னைச் சங்கடப்படுத்தாமல் அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டு, பிடரியைச் சொறிந்தபடி சிரிக்கவில்லை. கைகள் இரண்டும் விரிந்திருந்தன, பல் எல்லாம் தெரிந்தது. கொஞ்சம் முன்னால் அந்த வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்த அதே சிரிப்பு. இன்றைக்கும் வகுப்புக்கு வருகிறார், இன்றைக்கும் டீச்சர் என்கிறார், என்னைப் பார்த்தால் அப்படித்தான் சிரிக்கிறார்.