வெளிச்சவீட்டின் முன் மூன்று பேர்

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. பின்னால் கப்பல்களுக்கு வழிகாட்டும் உயரமான பழைய வெளிச்சவீடு, அதன் தோளுக்குப் பக்கத்தில் சாயும் சூரியன், முன்னால் கறுப்பாக மூன்று பெண்கள். அதில் ஒருத்தி நான். யார் நான் என்பதுதான் தெரியவில்லை.

கதிர்காமம் போய்த் திரும்பும் வழியில், தெற்குக் கடற்கரையில் எடுத்தது. மஸ்கெலியாவில் வேன் பிடித்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் ஆட்கள் போயிருந்தோம். கடலை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் முதல் முறை பார்த்தேன். நானும் என் அண்ணியும் லயத்து வரிசையில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் அக்காவும் ஒரே கடையில் ஒரே மாதிரி மஞ்சள் சேலை எடுத்துக் கட்டியிருந்தோம். மூவரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர்கள். மற்றவர்கள் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட, நாங்கள் வேன் டிரைவரிடம் என் போனைக் கொடுத்தோம்.

“வெயில் எதிர அடிக்குது. மூஞ்சி ஒண்ணும் விழாது, இந்தப் பக்கமா வாங்க” என்றார் அவர். அண்ணி கேட்கவில்லை. அவருக்கு வெளிச்சவீடும் வேண்டும், சூரியனும் வேண்டும்.

டிரைவர் பின்னால் தள்ளிப் போய்க் குறி பார்த்தபோதுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. மூன்று பேராக நின்று படம் எடுக்கக் கூடாது, நடுவில் நிற்பவருக்கு ஆகாது. நாலாவதாக நிறுத்த ஆள் இல்லை. வெளிச்சவீட்டைச் சேர்த்தால் நாலுதானே என்றார் அண்ணி. ஆனாலும் நடுவில் நிற்க ஒருவருக்கும் மனமில்லை. நான் ஓரத்துக்கு ஓடினால் அக்கா அதற்கும் ஓரத்துக்கு ஓடுவார், அண்ணி சுற்றிக்கொண்டு வருவார். காற்றில் முந்தானை முகத்தை மூட, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. எங்கள் நிழல்கள் மணலில் நீண்டு டிரைவரின் காலடி வரை கிடந்தன. அந்த ஓட்டத்தில் எப்போதோ அவர் எடுத்துவிட்டார்.

லயத்தில் எல்லோரும் அந்தப் படத்தை மெச்சினார்கள்.

மழைக்காலத்தில் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு கேட்கப் போகும் நாள் நெருங்க, அக்கா போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வீட்டில் யார் கேட்டும் காரணம் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் என் காம்பராவுக்கு வந்து, அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

“ஒன் அண்ணி ஓரத்துலதான் நின்னேன்னு சத்தியம் பண்றா. அப்ப நடுவுல நீயா, நானா?”

நடுவில் நின்ற உருவத்தின் கையில் ஏதோ தொங்கியது. அன்று அக்கா தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார், நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன். இரண்டில் எது என்று அந்தக் கறுப்பில் சொல்ல முடியாது.

“நான்தான் அக்கா. செருப்பு தொங்குது பாருங்க. நீங்க போய் ரிப்போர்ட்ட எடுத்துட்டு வாங்க.”

அக்கா போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஒனக்குப் பயமா இல்லையா?”

“போட்டோதானே” என்றேன். எப்போதும் பேசத் தயங்கும் எனக்கு அன்று அது தடங்கலில்லாமல் வந்தது.

மறுநாள் அக்கா முதல் பஸ்ஸில் போனார். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து போதும் என்று அனுப்பியிருந்தார்கள். வாசலில் நின்றே எல்லோருக்கும் சொன்னார். எனக்குச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

நான் சொன்னது பொய்யா உண்மையா என்று எனக்கே தெரியாது. அந்த உருவம்தான் என்னை விடவில்லை. காலையில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் வெயில் ஏறும்போது, மேட்டிலிருந்து இறங்குகிற பெண்கள் முகமில்லாமல் கறுப்பாக வருவார்கள். நடுவில் யார் என்று என் கண் தேடும். சில நேரம் அந்த நடை என்னுடையது போலவே இருக்கும்.

நாங்கள் மூவரும் மலைக்குப் போகும்போது, பாதை அகலமான இடம் வந்தால் அக்கா என் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுக்கிறார். ஏன் என்று சொல்வதில்லை. தான் நடுவில் வந்துகொண்டு, அண்ணியோடு வேறு எதையோ பேசிக்கொண்டே நடக்கிறார்.