வாயில் வராத பேர்

பாத்திர வியாபாரத்துக்குத் தராசு அப்புறம்தான், முதலில் தொண்டை வேண்டும். கடையில் உட்கார்ந்து கத்திக் கத்தியே பாதி ஆயுசைத் தொலைத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் பித்தளை விற்றவள் நான். எவர்சில்வர் அப்போதுதான் ஊருக்குள் எட்டிப் பார்த்தது. கூலிக்கு மூட்டை தூக்கின முனுசாமியின் மகள். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடக் கடைத்தெருவில் பட்டதுதான் அதிகம். எடையிலோ விலையிலோ என்னை யாரும் ஏய்த்தது கிடையாது. ஆனால் ஒரே ஒரு பேர் மட்டும் என் வாயில் வராது. என் வீட்டுக்காரர் அண்ணாமலையின் பேர்.

கட்டினவர் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். அதனால் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினாலும் "தீபத்தூருக்கு ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பேன்.

சீர் யாருது?

விற்ற பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். உளி பிடித்துப் பேர் வெட்டுகிற கபாலி கடையின் பின்கட்டில் இருப்பார். வெட்ட வேண்டிய பேரை நான் இங்கிருந்து கத்துவேன். அண்ணாமலை என்று யாராவது வந்தால் "கபாலி, அவரு பேரு!" என்பேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு அண்ணாமலை. வாரத்துக்கு நாலு தடவையாவது இப்படித்தான்.

ஒரு முகூர்த்த நாள், கடை கொள்ளாத கூட்டம். அவலூர்பேட்டை அண்ணாமலை ஒருத்தர் மகளுக்குக் குடம் வாங்கினார். நான் வழக்கம்போல் கத்தினேன். கபாலி அதை எங்கள் வீட்டு மொய்க் குடம் என்று நினைத்து, 'செஞ்சி அண்ணாமலை – ருக்மணி அன்பளிப்பு' என்று அழகாக வெட்டிக்கொண்டு வந்தார். வாங்கினவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் மவளுக்கு நான் சீர் செய்றனா, இல்ல நீ செய்றியாம்மா?"

கத்தினால் ஆகாத காரியம்

அப்புறம் என் வீட்டுக்காரர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார். போன இடத்தில் இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்தோம். தீர்ப்புக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாளே கடை திறந்தேன். அழுவதற்கு நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கடை பஞ்சாயத்துக் கட்டடம். பங்குனிக்குள் குத்தகையைப் புதுப்பிக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். குத்தகைச் சீட்டில் நான் 'அ. ருக்மணி, அண்ணாமலை மனைவி'. புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார் குமாஸ்தா. நான் உழைத்து உண்டாக்கின கடைக்கு பெங்களூரிலிருந்து கையெழுத்தா? மேசை அதிரத் தட்டினேன். அவர் மைக்கூட்டைப் பத்திரமாக ஓரத்தில் நகர்த்தி வைத்தார்.

"மேசைய ஒடச்சாலும் காகிதத்துல நீ இன்னும் அவரு சம்சாரம்தாம்மா. முதல்ல பேர மாத்திக்கினு வா."

மனு எழுதுகிறவரிடம் பேரம்

தாலுகா ஆபீஸ் வாசலில் சாமிக்கண்ணு என்று ஒருத்தர் மனு எழுதுவார். அவர் கேட்ட கூலியில் பாதிக்கு இறக்கினேன். நைனா பேர் முன்னால் வர 'மு. ருக்மணி' என்று போடச் சொன்னேன். சத்தியப் பத்திரம் எழுதி, அதிகாரி முன் உறுதி சொல்லி, கெஜட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். சரி என்றேன்.

"வூட்டுக்காரர் பேரு?" என்றார். பழைய குத்தகைச் சீட்டை நீட்டி, "இதுல இருக்குது, பாத்து எழுதிக்க. அதுவும் இன்னாத்துக்கு? புதுப் பேரு மட்டும் எழுதினா போதாதா?" என்றேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார்.

"எத வுட்டேன்னு சொல்லாம எப்டிம்மா வுடறது? அதிகாரி கேப்பாரு. அங்க நீதான் வாயால சொல்லணும்."

மூன்று தடவை

அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "முன்னாள் கணவர் பெயர்?" என்றார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. "நான் சொல்லிடறேங்க" என்று சாமிக்கண்ணு முந்தினார். அதிகாரி கையமர்த்தினார்.

எனக்கு அந்த நேரத்தில் பெங்களூர் ஞாபகம் வரவில்லை. ஊர் ஊராகக் கூடை சுமந்து விற்ற நாளில், குடத்தை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே கீறல் கண்டுபிடிக்க அவர் சொல்லிக் கொடுத்தது வந்தது. கனமான கூடையை அவர்தான் எடுத்துக்கொள்வார். என் கோபத்துக்கு ஒரு நாளும் எதிர்ச்சொல் சொன்னதில்லை. அந்தப் பேரை ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கிறேனா? கடைசியில் இங்கேயா, இதற்கா?

முதல் தடவை உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது தடவை கடையில் கத்துகிற குரலில் "அண்ணாமலை!" என்று வந்துவிட்டது. ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதிகாரி தலை நிமிராமல் தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"மெதுவாம்மா, கூப்புட்டியேன்னு அவரு வந்து நிக்கப் போறாரு."

டிக்கெட்

பங்குனி முடியுமுன் கெஜட் வந்தது. குத்தகை மு. ருக்மணி பேருக்கு ஆனது. மறுவாரம் பழைய பித்தளை எடுக்க பஸ் ஏறினேன். எப்போதும் வருகிற கண்டக்டர்தான். நான் வாய் திறக்குமுன்பே "தீபத்தூர்தானே அக்கா?" என்று சீட்டைக் கிழிக்கப் போனார்.

"திருவண்ணாமலை ஒண்ணு" என்றேன். அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, கேலி பேசவில்லை.

"ஜன்னலோரமா உக்காருக்கா, காத்து வரும்."

பேர் கெஜட்டில் மாறி, கடைப் பலகையில் மாறி, கபாலியின் உளிக்குக்கூடப் பழகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் கண்டக்டர் திடீரென்று வந்து நின்றால், இந்தப் பாழாய்ப்போன வாய் முதலில் சொல்வது தீபத்தூர்தான்.